ஊசி போட்டால் பிரசவம் ஆகிவிடுமா, டாக்டரம்மா?

ஒயர் கூடையில் பிளாஸ்க், சொம்பு நிறையச் சீரகத் தண்ணீர், பழைய சேலையைக் கிழித்து மடித்த துணிகள். அம்மாபேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு மாமியார் வார்டு வாசலில் என்னை மறித்துக்கொண்டார். "நேற்றுக் காலையில் ஜெல் வைத்தீர்கள். இன்னும் வலி பிடிக்கவில்லை. சுகப்பிரசவம் ஆகுமா, ஆகாதா? ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள், டாக்டரம்மா." வீட்டில் தறி நின்று இரண்டு நாள் ஆகிறது. அவருடைய அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை.

அந்த ஒரே வார்த்தை என்னிடம் இல்லை. சேலத்தில் இத்தனை வருடம் பிரசவம் பார்த்தும், வலியை நாமாக வரவழைக்கும்போது அது எங்கே போய் முடியும் என்பதை ஓரளவுக்குத்தான் கணிக்க முடிகிறது. அந்த ஓரளவு எது என்பதை வீட்டாரும் தெரிந்துகொண்டால் வார்டு வாசலில் பாதிச் சண்டை குறையும்.

கணிப்பு தொடங்குவது விரல் நுனியில். உள்பரிசோதனையில் கர்ப்பப்பையின் வாயைத் தொட்டுப் பார்க்கிறோம். மூக்கின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். அப்படி விறைப்பாக இருந்தால் வாய் இன்னும் தயாராகவில்லை. உதட்டைத் தொட்டதுபோல் மெத்தென்று இருந்தால் தயார். எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, பின்பக்கமாக ஒளிந்திருக்கிறதா முன்னால் வந்துவிட்டதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறோம். எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் 1964-இல் வகுத்த முறை இது, மொத்தம் 13. எட்டும் அதற்கு மேலும் என்றால், தானாக வலி வந்தவருக்கு உள்ள அதே வாய்ப்பு ஏறக்குறைய இவருக்கும் உண்டு. ஆறும் அதற்குக் கீழும் என்றால் முதலில் வாயைப் பக்குவப்படுத்த வேண்டும். ஜெல்லோ மாத்திரையோ பலூன் வைத்த குழாயோ அந்த வேலைக்குத்தான். நரம்பில் ஏற்றி வலியை வரவழைக்கும் 'வலி ஊசி' அதற்குப் பிறகு. ஒன்றை மறந்துவிடுகிறோம்: பிஷப் இந்தக் கணக்கைப் போட்டது ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண்களுக்காக. முதல் பிரசவத்துக்கு இது அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதில்லை.

சேலத்துக்காரர்களுக்கு நான் மாம்பழத்தை வைத்துச் சொல்வது வழக்கம். முற்றிய காயை வைக்கோலில் போட்டால் பழுக்கும். பிஞ்சைப் போட்டால் வெம்பும்.

விரல் சொல்லாத பலவற்றைப் பெண்ணின் வரலாறு சொல்லும். எல்லாவற்றையும்விடக் கனமான சாட்சி, முன்பு ஒரு சுகப்பிரசவம் ஆகியிருப்பதுதான். வாய் விறைப்பாக இருந்தாலும் அந்த உடம்புக்கு வழி தெரியும். அதற்குப் பிறகுதான் தாயின் வயது, உயரம், உடல் எடை, எத்தனையாவது வாரம், குழந்தையின் எடை. இவற்றையெல்லாம் கணினியில் கொடுத்து அறுவைக்கான வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று சொல்லும் கணக்கிகளும் இருக்கின்றன. பெரும்பாலானவை வேறு நாட்டுப் பெண்களை வைத்துப் பழக்கப்பட்டவை. நம் ஊர்ப் பெண்ணின் உயரத்தையும் எடையையும் அதில் போட்டு வரும் எண்ணை நான் அப்படியே நம்புவதில்லை. ஸ்கேனில் வரும் குழந்தை எடையும் அப்படித்தான். 10, 15 சதவீதம் முன்பின் இருக்கலாம். மூன்றரைக் கிலோ என்று எழுதியிருந்தது மூன்றாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு 'பிள்ளை பெரியது, கத்திதான்' என்று வீட்டார் முடிவு கட்டுவது அநியாயம்.

என் கணிப்பு தவறிய கதை ஒன்று. ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண். ஐந்தடிக்கு நல்ல குறைவு, முதல் குழந்தை, மதிப்பெண் மூன்று. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் காத்திருக்க முடியவில்லை. அறுவைதான் ஆகும் என்று மனதுக்குள் எழுதிவைத்துவிட்டேன். இரண்டாம் நாள் இரவு சத்தமில்லாமல் பெற்றெடுத்தாள். அதே வாரத்தில் வந்த இன்னொரு பெண் நல்ல உயரம், மதிப்பெண் ஒன்பது. வலி நன்றாக ஏறிய நேரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது. அரை மணி நேரத்தில் அறுவை அரங்கில் இருந்தோம். சதவீதம் என்பது நூறு பேரைப் பற்றிய பேச்சு. கட்டிலில் படுத்திருப்பவர் ஒருவர்.

வீட்டார் அதிகம் சறுக்குவது நேரக் கணக்கில். ஜெல் வைத்த நிமிடத்திலிருந்து பிரசவ வலியை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அது பக்குவப்படும் நேரம். அதற்கே ஒரு நாள் போகலாம். வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் வலி வேகம் பிடித்துவிட்டது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்க மருத்துவர்கள் ஆறு என்கிறார்கள். தாயும் குழந்தையும் நலமாக இருக்கும்வரை, பனிக்குடம் உடைந்து வலி ஊசி ஏற்றியபின் குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் பார்க்காமல் 'தோற்றுவிட்டது' என்று சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய நெறிமுறை. இங்கே நடப்பது வேறு. காலையில் ஜெல், மாலையில் 'இறங்கவில்லை', இரவில் அறுவை. தோற்றது பெண்ணின் உடம்பு அல்ல, எங்கள் பொறுமை. வாசலில் நிற்கும் உறவினரின் பொறுமையும் அதில் சேர்த்தி.

வலியை வரவழைப்பதாலேயே அறுவை கூடுகிறது என்பது பொதுவான பயம். 2018-இல் அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முதல் பிரசவப் பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு அதைப் பொய்யாக்கியது. சிக்கல் இல்லாதவர்களுக்கு 39-ஆவது வாரத்தில் வலியை வரவழைத்ததில் அறுவை 18.6 சதவீதம், காத்திருந்தவர்களில் 22.2. ஆனால் இதைக் காட்டி எல்லோருக்கும் 39-இல் ஊசி போடலாம் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே பொறுமை காட்டிய நேரம் வேறு. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை. நமக்கு முதலில் தேவை அந்தப் பொறுமை.

நாள் குறித்துக்கொண்டு வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அஷ்டமி வேண்டாம், இந்த நட்சத்திரம் வேண்டும் என்று 37, 38-ஆவது வாரத்திலேயே வலி ஊசி கேட்கிறார்கள். வேறிடத்தில் அப்படித் தொடங்கி, நடுவில் சிக்கி என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கையில் இருந்த கடைசி மாதவிடாய்த் தேதியே தவறு. மூன்றாம் மாத ஸ்கேனைத் தேடிப் பார்த்தால் 35 வாரம்தான் ஆகியிருந்தது. பிஞ்சு வெம்புவது இப்படித்தான். அந்த முதல் ஸ்கேன் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். தேதியை உறுதி செய்ய அதைவிட நல்ல ஆதாரம் பிறகு கிடைக்காது.

ஏற்காட்டு மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாகலூர்ப் பக்கத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குப் பயந்து, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே வலியை வரவழைக்கும் யோசனை சிலருக்கு வருகிறது. கூடவே கூடாது. கர்ப்பப்பை அளவுக்கு மீறிச் சுருங்கினால் குழந்தைக்கு மூச்சு முட்டும். முன்பு அறுவை ஆனவர்களுக்குத் தழும்பு பிய்ந்துபோகலாம். அதனால்தான் அவர்களுக்கு அந்த மாத்திரையை நாங்கள் ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பதில்லை. இதயத்துடிப்பைப் பார்க்கக் கருவியும் ஏற்றுவதற்கு ரத்தமும் அறுவை அரங்கும் பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் இதைத் தொடங்க வேண்டும். 41-ஆவது வாரம் நெருங்குகிறது என்றால் இரண்டு நாள் முன்பே சேலத்துக்கு இறங்கிவிடுங்கள்.

அம்மாபேட்டை அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. மருமகளின் மதிப்பெண் நேற்று நான்கு, இன்று ஏழு, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, இன்று வலி ஊசி ஏற்றுகிறோம், நாளை விடியும்வரை என்னைக் கேட்காதீர்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே, சீரகத் தண்ணீரையாவது கொடுக்கலாமா என்றார். கொடுங்கள் என்றேன். மறுநாள் விடியற்காலையில் பெண் குழந்தை, 2.9 கிலோ. தகவல் சொல்லப் போனபோது தாயும் சேயும் நலமா என்று விசாரித்த கையோடு அவர் கேட்டது பிறந்த நேரத்தை. ஜாதகம் எழுத வேண்டுமாம், நிமிடம் தவறக்கூடாதாம்.

"4.37" என்றேன்.