முதிர்ந்த மூளையில் நியூரான் பிறக்கிறதா?

பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தார் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "செத்துப்போன மூளைச் செல் மறுபடியும் உருவாகுமா, டாக்டர்?" புதிய நியூரான்களை, அதாவது மூளையின் நரம்புச் செல்களை, வளர்க்கும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைப் புட்டியோடு வருவோரும் உண்டு. அவர்கள் நம்புவதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அதன் எல்லை குறுகியது.

வளர்ந்த எலிகளின் மூளையில் புதிய நியூரான்கள் தோன்றுவதை ஜோசப் ஆல்ட்மன் 1960களிலேயே காட்டினார். நெடுங்காலம் அதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. மனிதரில் நேரடிச் சான்று 1998இல்தான் கிடைத்தது. இரண்டாகப் பிரிந்து பெருகும் செல்களின் டிஎன்ஏவில் பதியும் ஒரு வேதிப்பொருள், கட்டியின் வளர்ச்சியை அறிவதற்காகச் சில புற்றுநோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டிருந்தது. அவர்கள் இறந்த பின் எரிக்சன், கேஜ் ஆகியோரின் குழு ஆராய்ந்தபோது, நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸில், டென்டேட் கைரஸ் என்னும் சிறு பகுதியில், அந்த அடையாளத்தைத் தாங்கிய நியூரான்கள் இருந்தன.

2013இல் வெளிவந்த ஆய்வு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பெருகிய கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன், 1963ஆம் ஆண்டின் தடை ஒப்பந்தத்திற்குப் பின் படிப்படியாகக் குறைந்தது. ஒரு செல் பிறக்கும்போது காற்றில் இருந்த அளவு அதன் டிஎன்ஏவில் தங்கிவிடுவதால், அதைக்கொண்டே நியூரானின் வயதைக் கணிக்க முடிந்தது. சுவீடனின் யோனாஸ் ஃப்ரீசன் குழு, ஒவ்வொரு ஹிப்போகேம்பஸிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 நியூரான்கள் சேர்வதாகக் கணக்கிட்டது.

2018இல் ஒரு குழு பெரியவர்களிடம் இளம் நியூரான்களே தென்படவில்லை என்றது. அதே ஆண்டில் மற்றொரு குழு 79 வயதுவரை கண்டதாக அறிவித்தது. இறந்தவரின் மூளைத் திசு பதப்படுத்தும் திரவத்தில் அதிக நேரம் கிடந்தால் இளம் நியூரானை அடையாளம் காட்டும் புரதம் சாயத்தில் தெரியாமல் போகும் என்று 2019இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் காட்டியதை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் இத்துறையில் 'காணவில்லை' என்பது 'இல்லை' ஆகிவிடாது. 2025இல் ஃப்ரீசன் குழு, நியூரான்களுக்கு மூலமாகும் பிரியும் செல்களையே பெரியவர்களின் மூளையில் கண்டறிந்தது. அவற்றின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபட்டது.

இச்சான்றுகள் யாவும் இறந்தவர்களின் மூளையிலிருந்தோ, அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவிலிருந்தோ கிடைத்தவை. உயிரோடிருப்பவரின் மூளையில் புதிய நியூரான்களை எண்ணும் நிலைநாட்டப்பட்ட முறை இல்லாதபோது, ஒரு மாத்திரை அவற்றைப் பெருக்கியது என்று எதைக்கொண்டு சொல்வது? பக்கவாதத்தில் கை மீள்வது, பெரும்பாலும் பிழைத்திருக்கும் நியூரான்கள் தம் இணைப்புகளைத் திருத்தியமைத்துக்கொள்வதால்தான். ஆகவே அந்தப் புட்டியை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, இன்று எத்தனை முறை கைப்பயிற்சி செய்தார் என்று கேட்கிறேன்.