கியர் லீவரைக் குட்டையாக்கும் கணக்கு

ஆழியாறில் தொடங்கி வால்பாறை ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலான வளைவுகளில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறங்க வேண்டும், வளைந்து முடித்ததும் மறுபடி மூன்று. அங்கிருந்து மலக்கப்பாறை தாண்டி கேரளத்துக்குள் சாலக்குடி வரை போகிறவருக்கு இடது கைக்கு ஓய்வே கிடையாது. இந்தப் பாதையை ரசித்து ஓட்டுகிறவர்களும், கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரால் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வார இறுதியில் சுற்றுகிறவர்களும், காரில் செய்ய நினைக்கும் முதல் மாற்றங்களில் ஒன்று ‘ஷார்ட் ஷிஃப்டர்’. கியர் லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் உதிரிபாகம் அது. தூரம் குறைந்தால் கியர் சீக்கிரம் விழும் என்பது நம்பிக்கை. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள கியர்பாக்ஸுக்குள் போக வேண்டும்.

நாம் லீவரைத் தள்ளும்போது உள்ளே பல்சக்கரங்கள் நகர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இன்றைய கியர்பாக்ஸில் முன்னோக்கி ஓட்டும் எல்லாப் பல்சக்கரங்களும் எப்போதுமே தம் ஜோடியோடு கோத்துத்தான் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தண்டின் மேல் சும்மா சுழலும். லீவர் செய்வதெல்லாம், அந்தச் சும்மா சுழலும் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவது. லீவரின் கீழ்முனை தனியாக ஒரு தள்ளுதண்டை நகர்த்தும், அதில் மாட்டிய கவை, சக்கரத் தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு ஸ்லீவை (வளைய உறையை) தள்ளும், ஸ்லீவ் போய்ச் சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் சிறு பற்களின் மேல் ஏறி உட்காரும். ‘டாக்’ பற்கள் என்று மெக்கானிக்குகள் சொல்வது அவற்றைத்தான்.

தண்டும் சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுழலும்போது ஸ்லீவ் ஏற முடியாது. ஏற முயன்றால் ‘கரக்’. அதைத் தடுக்க நடுவில் இருப்பது சிங்க்ரோ வளையம். பெரும்பாலும் பித்தளை, உட்புறம் கூம்பு வடிவம். ஸ்லீவ் தள்ளும்போது வளையம் சக்கரத்தின் கூம்பில் அழுந்தி, உராய்வால் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கும். வேகம் ஒன்றாகும்வரை வளையத்தின் பற்கள் ஸ்லீவை மறித்துக்கொண்டே நிற்கும். சமமானதும் வழி விடும். லீவரைத் தள்ளும்போது நடுவே கையில் தட்டும் அந்தச் சின்ன எதிர்ப்பு இதுதான்.

மூன்றாவது கியர் விகிதம் 1.3, இரண்டாவது 1.9 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் 3,000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருந்துவிட்டு இரண்டுக்கு இறங்கினால், கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டும் அதோடு ஒட்டிய கிளட்ச் பிளேட்டும் ஏறக்குறைய 4,385 ஆர்பிஎம்முக்கு எகிற வேண்டும். அதை எகிறச் செய்வது கூம்பின் உராய்வு மட்டுமே. கிளட்சை மிதித்தபடி ஆக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சின் வேகத்தை ஏற்றினாலும் சிங்க்ரோவின் வேலை குறையாது. கிளட்சை விடும்போது வரும் குலுக்கல்தான் குறையும். சிங்க்ரோவுக்கு உண்மையிலேயே உதவ வேண்டுமானால், நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, எஞ்சினை ஏற்றி, மறுபடி மிதித்துக் கியர் போட வேண்டும். பழைய லாரி ஓட்டுநர்கள் செய்த ‘டபுள் கிளட்ச்’.

இனி லீவருக்கு வருவோம். கடப்பாரையால் கல்லைப் புரட்டும் அதே நெம்புகோல் கணக்குதான் இது. லீவரின் தலையில் கை பிடிக்கும் குமிழியிலிருந்து, லீவர் ஊன்றி அசையும் பந்து மூட்டு வரை மேல்கை 200 மி.மீ., மூட்டுக்குக் கீழே 50 மி.மீ. என்றால் விகிதம் 4-க்கு 1. உள்ளே தள்ளுதண்டு நியூட்ரலிலிருந்து 12 மி.மீ. நகர வேண்டுமானால் குமிழி 48 மி.மீ. நகரும். கீழ்க்கையை 65 மி.மீ. ஆக நீட்டினால் குமிழியின் நகர்வு 37 மி.மீ.; 23 சதவீதம் மிச்சம். ஆனால் உள்ளே அதே விசை கிடைக்க, கை 30 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். மேல்கையையும் 160 மி.மீ. ஆக வெட்டினால் நகர்வு 30 மி.மீ.க்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். விசையோ 62 சதவீதம் ஏறிவிடும். முன்பு 3 கிலோ அழுத்தம் போதுமாக இருந்த இடத்தில் இப்போது கிட்டத்தட்ட 5 கிலோ.

இங்கேதான் விளம்பரங்கள் சொல்லாத விஷயம் இருக்கிறது. சிங்க்ரோ வேகத்தைச் சமப்படுத்த எடுக்கும் நேரம், ஸ்லீவில் விழும் விசையைப் பொறுத்தது. குமிழி எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பொறுத்ததல்ல. குட்டை லீவரைப் பழைய அதே பலத்தோடு தள்ளினால் ஸ்லீவுக்குக் குறைந்த விசையே போகும், சிங்க்ரோ முன்பைவிட மெதுவாகவே வேலை செய்யும். கை நகரும் நேரத்தில் மிச்சம் பிடித்ததை அங்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம். வேகமாக மாற்ற வேண்டும் என்றால் பலமாகத் தள்ளியே ஆக வேண்டும். அப்படியானால் ஷார்ட் ஷிஃப்டரில் என்ன லாபம்? துல்லியம். கை அதிகம் அலையாது, லீவரின் ஆட்டம் குறையும், எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது கைக்கே தெரியும். அது வேண்டுமென்றால் 20 முதல் 25 சதவீதக் குறைப்பு போதும். 40 சதவீதம் என்று பெருமையாக அச்சிட்டு வரும் கிட்கள், ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் கியர் மாற்றுகிறவரின் மணிக்கட்டைப் பதம் பார்க்கும்.

லீவர் பொருத்தப்பட்டிருக்கும் விதம் எல்லாக் கார்களிலும் ஒன்றல்ல. பின்சக்கர இயக்கமுள்ள ஸ்போர்ட்ஸ் கார்களில், உதாரணமாக மாஸ்டா எம்எக்ஸ்-5இல், லீவர் கியர்பாக்ஸின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே லீவரையே மாற்றுவதுதான் வேலை. அந்தக் காரின் முதல் இரண்டு தலைமுறைகளில் லீவர் உட்காரும் குழிக்குள் தனியாகக் கொஞ்சம் ஆயில் உண்டு, 100 மி.லி.க்கும் சற்றுக் குறைவு. லீவரைக் கழற்றுகிறவர்கள் அதைப் புதிதாக ஊற்ற மறந்து, பிறகு சொரசொரப்பாக இருக்கிறது என்று புதிய பாகத்தைத் திட்டுவார்கள். நம் சாலைகளில் அதிகம் ஓடும் முன்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சின் குறுக்காகக் கிடப்பதால், லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே இரண்டு கேபிள்கள் ஓடும். ஒன்று முன்பின் நகர்வுக்கு, மற்றது இடவல நகர்வுக்கு. பழைய கார்கள் சிலவற்றில் கேபிளுக்குப் பதில் இரும்பு ராடு. கேபிள் வகையில் லீவரைத் தொடாமலேயே வேலையை முடிக்கலாம்: கியர்பாக்ஸ் முனையில் கேபிள் மாட்டும் கையை (சிறு நெம்புகோலை) 60 மி.மீ.இலிருந்து 48 ஆக்கினால், குமிழியின் நகர்வு ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

பாகம் வாங்கும் முன் காரைச் சோதித்துவிடுவது நல்லது. கியர் சரியாக விழவில்லை என்று ஷார்ட் ஷிஃப்டர் தேடி வரும் கார்கள் பலவற்றில் கோளாறு வேறெங்கோ இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். அணைத்தபோது வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் முதல் சந்தேகம் திரவத்தின் மேல். டாட் 4 திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுப் பக்கம் காற்றே ஈரமாகத்தான் இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினாலே பல கார்கள் திருந்திவிடும். ரிவர்ஸ் கியருக்கு சிங்க்ரோ இல்லாத காரில் இன்னொரு சோதனை: எஞ்சின் ஓடும்போது கிளட்சை மிதித்துச் சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் பல் உரசினால் கிளட்ச் இழுத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து ஆயில். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தரக் குறியீடுகள். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில், இன்னும் உசத்தி என்று நினைத்து ஜிஎல்-5 ஊற்றிவிடுவது பரவலான தவறு. ஜிஎல்-5, இரு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃப்ரென்ஷியலின் கடும் அழுத்தத்துக்கானது. அதன் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் சிலவகைகளில் பித்தளையை அரிக்கும். வழுக்கலும் அதிகம் என்பதால் சிங்க்ரோ கூம்பு பிடிக்க வேண்டிய இடத்தில் சறுக்கும். காரின் கையேட்டில் போட்டிருக்கும் தரத்தைத் தாண்டாதீர்கள்.

மூன்றாவது, புஷ்கள். கேபிள் முனைகளிலும் லீவர் அடித்தளத்திலும் இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் புஷ்கள் தேய்ந்தால் நியூட்ரலில் லீவர் இடவலம் கரண்டி போல ஆடும். எஞ்சின் மவுன்ட் கிழிந்திருந்தாலும் இதே கதைதான், அதுவும் ராடு வகைக் கார்களில்: ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சாய்ந்து ராடையும் சேர்த்து இழுக்கும், கியர் தானாக வெளியே வரும். என் கருத்தில், புஷ்களை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு ஒரு மாதம் ஓட்டலாம். பாதிப் பேருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது. டெல்ரின் (கெட்டியான பிளாஸ்டிக்) அல்லது கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) புஷ்களைக் கோவை லேத் பட்டறைகளில் அளவு கொடுத்துக் கடைந்து வாங்க முடியும்; பம்ப் தொழில் இருக்கும் ஊரில் கன்மெட்டலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கெட்டியான புஷ் போட்டால் கியர்பாக்ஸின் முனகல் கேபினுக்குள் வந்துவிடும். தினசரி ஓட்டும் காருக்கு டெல்ரினே பொருத்தம். லேத்தில் புஷ் கடையலாம், லீவரைக் கடைய வேண்டாம். வெட்டி ஒட்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டில் பந்து மூட்டின் பிளாஸ்டிக் கிண்ணம் உருகும், கடினப்படுத்திய பந்தின் பதமும் போகும்.

கேபிள் வகையில் பொருத்தும் வேலை, கருவிகள் இருந்தால் அரை நாளில் முடியும். கைபிரேக்கைப் போட்டுச் சக்கரங்களுக்கு அடைக் கட்டை வையுங்கள், பிறகே நியூட்ரல். கியர்பாக்ஸின் மேற்பகுதிக்குக் கை போக வழி வேண்டுமே, ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிடுங்கள். பல கார்களில் பேட்டரியும் அதன் தட்டும்கூட வெளியே வர வேண்டும். பேட்டரியைத் தொடுவதானால் முதலில் நெகடிவ் முனை. கேபிள் முனைகளைக் கழற்றும் முன் அவை இருந்த நிலையைப் படம் எடுத்து, பெயின்ட் புள்ளியும் வைத்துவிடுங்கள். பழைய கிளிப்புகளும் ஸ்பிரிங் பின்களும் திரும்பப் போடத் தகுதியற்றவை; புதியது சில ரூபாய்தான். புதிய கையை மாட்டி, எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்குச் சாதாரணமாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கம், எம்6க்கு 8 முதல் 10; கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. மரைகளுக்கு நீல நிற, நடுத்தரப் பிடிப்புள்ள திரெட்லாக்கர் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. ரப்பர் படும் இடங்களில் சிலிக்கான் கிரீஸ் மட்டும். சாதாரண பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் சிலவகை ரப்பர் ஊதிவிடும்.

பிறகு கேபிள் சரிசெய்தல், இதில்தான் அவசரம் கூடாது. லீவரையும் கியர்பாக்ஸ் பக்கக் கையையும் நியூட்ரலில் அசையாமல் பூட்ட வேண்டும். பல ஐரோப்பியக் கார்களில் இதற்கென்றே பின் துளை விட்டிருப்பார்கள். சரியான அளவு டிரில் பிட்டின் தண்டும் பொருந்தும். இரண்டு பக்கமும் பூட்டிய பிறகே கேபிள் நீளத்தை இறுக்குவது.

எஞ்சினை இயக்கும் முன் ஒவ்வொரு கியரையும் போட்டு, லீவர் கன்சோலிலோ அதன் ரப்பர் உறையிலோ முட்டுகிறதா பாருங்கள். கியரின் எல்லை கியர்பாக்ஸுக்குள் இருக்க வேண்டும், வெளியே அல்ல. வெளியே முட்டினால் ஸ்லீவ் பற்களின் மேல் முழுதாக ஏறாமல் பாதியில் நிற்கும். டாக் பற்கள் லேசாகப் பின்சரிவாக வெட்டப்பட்டவை. முழுதாக ஏறிய ஸ்லீவை எஞ்சினின் இழுவையே உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாதி ஏறியதற்கு அந்தப் பிடி கிடைக்காது. மலையிறக்கத்தில் கியர் வெளியே அடிக்கும், ஒவ்வொரு அடியிலும் பல் முனை மழுங்கும், கடைசியில் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கும் செலவில் முடியும். தடுப்பு போல்ட் உள்ள ஷிஃப்டர் என்றால், கியரைப் போட்டு போல்ட் லீவரைத் தொடும்வரை திருகி, அரைச் சுற்று பின்வாங்கிப் பூட்டுங்கள்.

இடவல நகர்வை மட்டும் குறைக்காமல் விடுவதே புத்திசாலித்தனம். கியர் வரிசைகள் பக்கவாட்டில் நெருங்கினால் மூன்றிலிருந்து நான்குக்கு இழுக்கும்போது கை இரண்டில் விழும். அதே விகிதங்களில், மூன்றில் 6,500 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சினைச் சக்கரங்கள் 9,500க்கு இழுத்துப் போகும். எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் எரிபொருளை நிறுத்துமே தவிர, சக்கரம் சுழற்றுவதை நிறுத்தாது. வால்வும் பிஸ்டனும் முத்தமிட்டுக்கொள்ளும்.

குமிழி பற்றியும் கொஞ்சம். 300 முதல் 500 கிராம் எடையுள்ள குமிழி, தன் உந்தத்தால் சிங்க்ரோவின் எதிர்ப்பைக் கடக்க உதவும். குட்டை லீவரின் கடினத்தைக் கொஞ்சம் மறைக்கும். மரை அளவு (விட்டம் × மரை இடைவெளி, மி.மீ.இல்) பார்த்து வாங்குங்கள்: ஹோண்டாவுக்குப் பெரும்பாலும் எம்10 × 1.5, மாஸ்டாவுக்கு எம்10 × 1.25, டொயோட்டாவுக்கு எம்12 × 1.25. ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்கும் லீவர் என்றால், புதிய குமிழி அந்த வளையத்துக்கு இடம் விடுகிறதா என்று பாருங்கள். பளபளக்கும் முழு ஸ்டீல் குமிழியைச் சித்திரை வெயிலில் வாளையார் செக்போஸ்ட் அருகே நிறுத்திய காரில் தொட்டுப் பார்த்தவர் அடுத்த முறை தோலுறை போட்டதையோ டெல்ரினையோதான் வாங்குவார்.

500 கி.மீ. ஓடியதும் கேபிள் முனைகளையும் போல்ட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். லீவரின் அடியுறை கிழியாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம், மழைக்காலத்தில் சேறும் புகையும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். வாரன்டி பாக்கி இருக்கும் காரென்றால் கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பையில் கட்டி எடுத்து வையுங்கள்.