இயல்புநிலையா, கொடாநிலையா?

பிணைய அமைப்புகளைத் தமிழில் விளக்கும் கையேடுகளிலும் மொழிபெயர்த்த திரைகளிலும் ‘இயல்புநிலை நுழைவாயில்’ என்ற தொடர் நிலைத்துவிட்டது. கணினியிலிருந்து தரவு வெளிப்பிணையங்களுக்குப் போகும் வழியான ‘டிஃபால்ட் கேட்வே’ என்பதற்கு இதுதான் தமிழாம். இரண்டு சொல்லுமே தவறு. அதிலும் முதல் சொல் செய்யும் கேடு பெரிது. படிப்பவருக்கு அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதையே அது தலைகீழாக்கிக் காட்டுகிறது.

டிஃபால்ட் என்பதன் வேர் லத்தீனில். தவறுதல், பொய்த்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதற்பொருள் ‘இல்லாமை, செய்யத் தவறுதல்’. கடன் தவணை கட்டாமல் விட்டால் டிஃபால்ட். எதிர்த்தரப்பு வராததால் நீதிமன்றம் தரும் தீர்ப்பும் டிஃபால்ட். 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதானவருக்குக் கிடைக்கும் ஜாமீனுக்கும் அதே பெயர். கணினித் துறை 1960களில் இந்தப் பொருளைத்தான் எடுத்துக்கொண்டது: பயனர் எதுவும் சொல்லாமல் விட்டால் கணினி எடுத்துக்கொள்ளும் மதிப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு ‘இல்லாமை’.

‘இயல்புநிலை’ என்ற சொல்லில் அந்த இல்லாமை எங்கே? தமிழில் இயல்பு என்றால் ஒன்றன் கூடவே பிறந்த தன்மை. பள்ளம் நோக்கி ஓடுவது நீரின் இயல்பு. நாளிதழ் படிப்பவருக்கு இயல்புநிலை என்றதும் நினைவுக்கு வருவது ‘வெள்ளம் வடிந்தது, இயல்புநிலை திரும்பியது’ என்ற தலைப்பு. குழப்பம் நீங்கி எல்லாம் சரியான நிலை அது. டிஃபால்ட்டோ யாரோ ஒருவர் எடுத்த முடிவு, ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பொட்டலம், அதாவது பிணையத்தில் போகும் தரவுத் துண்டு, எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்று சொல்லும் டிடிஎல் எண்ணைப் பாருங்கள். விண்டோஸில் அது 128, லினக்ஸிலும் மேக்கிலும் 64. ரவுட்டருக்கு ஒன்று குறைந்து சுழியானதும் பொட்டலம் கைவிடப்படும். இதில் எது இயல்பு, 128ஆ, 64ஆ?

பதிப்புக்குப் பதிப்பும் மாறும். முதலில் வந்த விண்டோஸ் 95இல் பிணைய அட்டையைப் பொருத்தினால் தானாக வந்து உட்கார்ந்தவை ஐபிஎக்ஸ், நெட்பியூயி என்ற நெறிமுறைகள், அதாவது கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிகள். இணையத்துக்கு வேண்டிய டிசிபி/ஐபியை ‘ஆட்’ பொத்தானை அழுத்தி நாம்தான் சேர்க்க வேண்டும். விண்டோஸ் 98இல் டிசிபி/ஐபியே தானாக வந்தது. எக்ஸ்பியில் புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6 வேண்டுமென்றால் தனியே நிறுவ வேண்டும். விஸ்டாவிலிருந்து அது தொடக்கத்திலேயே இயங்குகிறது. மூன்று ஆண்டில் மாறுவதை இயல்பு என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார்.

இந்தச் சொல் எந்த இடத்தில் பொய்யாகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். இணையம் வராத ஒரு விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று அடியுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கி, முகவரியில் பிணையத்தைக் குறிக்கும் பகுதி எது என்று காட்டும் மாஸ்க் 255.255.0.0 என்று இருந்து, கேட்வே வரி வெறுமையாகக் கிடந்தால் நடந்தது இதுதான்: முகவரி தரும் டிஹெச்சிபி சேவையகத்தைக் கணினி கூப்பிட்டுப் பார்த்தது, பதில் வரவில்லை, தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது. எவரும் கொடுக்காததால் வந்த முகவரி. டிஃபால்ட் என்ற சொல்லின் வேர்ப்பொருள் அப்படியே உயிரோடு நிற்கும் இடம். இதை ‘இயல்புநிலை முகவரி’ என்று எழுதினால் படிப்பவர் ‘சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது’ என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். உண்மையில் அது நோயின் அறிகுறி. ரவுட்டருக்குப் போகும் வழியில் கம்பி எங்கேனும் கழன்றிருக்கிறதா, ரவுட்டரில் டிஹெச்சிபி அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் அது. அவற்றைச் சரிசெய்த பின் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை ‘ரிலீஸ்’, ‘ரின்யூ’ என்று இரு முறை கொடுத்துப் புது முகவரி கேட்கலாம்.

கேட்வேக்கு வருவோம். ‘ரூட் பிரிண்ட்’ என்று அடித்தால் வழிப்பட்டியல் வரும். அதில் சேரிடம் 0.0.0.0, மாஸ்க்கும் 0.0.0.0 என்று ஒரு வரி இருக்கும். வேறெந்த வரியிலும் பொருந்தாத பொட்டலமெல்லாம் இந்த வரியைப் பிடித்துத்தான் வெளியேறும். வழி குறிப்பிடப்படாத சேரிடங்களுக்கான வாயில், அவ்வளவுதான். ‘இயல்புநிலை’ என்றால் இயல்பற்ற வாயில் ஒன்று வேறெங்கோ இருக்கிறதா என்று மாணவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். ‘நுழைவாயில்’ என்பதும் பொருந்தவில்லை. நம் கணினியின் பார்வையில் பொட்டலம் அங்கே நுழைவதில்லை, வெளியேறுகிறது. வாயில் என்றாலே போதும், தமிழில் அது இரு திசைக்கும் பொது.

பொருள் புரியாமல் பெட்டியை நிரப்புவதால் வரும் சிக்கலும் இங்கேதான். ஒரு கணினியில் கம்பிவழி அலுவலகப் பிணையம், வைஃபைவழி இணையம். இரண்டிலும் கேட்வே பெட்டியை நிரப்பினால் பட்டியலில் 0.0.0.0 வரி இரண்டாகும். எந்த வழிக்கு முன்னுரிமை என்று காட்டும் மெட்ரிக் எண் குறைந்ததுதான் வெல்லும். வேகமான இணைப்புக்கு விண்டோஸ் குறைந்த எண்ணைத் தருவதால் பெரும்பாலும் கம்பி வெல்லும், இணையம் நின்றுபோகும். கம்பிவழி இணைப்பில் கேட்வேயை வெறுமையாக விட்டு, அலுவலக முகவரிகளுக்கு மட்டும் ‘ரூட் ஆட்’ கட்டளையில் தனி வழி சேர்ப்பதே தீர்வு. கட்டளையில் ‘பி’ குறியைச் சேர்க்க மறந்தால் கணினியை மறுபடி தொடங்கும்போது அந்த வழி அழிந்துவிடும்.

மாற்றுச் சொல்லாக ‘முன்னிருப்பு’ என்பதைச் சிலர் எழுதுகிறார்கள். இயல்புநிலையைவிட மேல். முன்பே இருப்பது என்ற அளவில் டிடிஎல் 128க்குப் பொருந்தும். ஆனால் இருப்பு என்றால் கணக்கு எழுதுபவருக்குக் கையிருப்பு. முன்னிருப்பு என்றால் அவர் பேரேட்டைத்தான் புரட்டுவார். மேலும் 169.254 முகவரி முன்பே இருந்ததல்ல, எதுவும் கிடைக்காத பின் வந்தது. அங்கே ‘முன்’ என்பது நேர்ப்பொய்.

‘கொடாநிலை’ என்று ஒரு சொல் புழங்கிவந்து இப்போது ஓரத்துக்குப் போய்விட்டது. வாடாமலர், பொய்யாமொழி போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தால் ஆன சொல். மதிப்பு எதுவும் கொடுக்கப்படாத நிலை. வேரில் உள்ள இல்லாமை இதில் முழுதாக இருக்கிறது. கொடாநிலை மதிப்பு, கொடாநிலை முகவரி, கொடாநிலை வாயில் என்று எல்லா இடத்திலும் பொருள் தவறாமல் நிற்கிறது. ‘கொடாக்கண்டன் போலக் கேட்கிறது’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. கேட்கட்டுமே, அதனால் என்ன? காதுக்குப் பழகாத சொல் இரண்டு வாரத்தில் பழகிவிடும். பொருள் பிசகிய சொல் பழகப் பழக ஆழமாகத்தான் பிசகும்.

மொழிபெயர்ப்பாளர்களைத் தனியே குறைசொல்லவும் முடியாது. திரையைக் காட்டாமல் அட்டவணையில் ஒற்றைச் சொல்லாக ‘டிஃபால்ட்’ என்று அனுப்பினால் அது பொத்தானா, பெயரா, வினையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரே இணைச்சொல் என்று பிடிவாதமாக எல்லா இடத்திலும் ஒட்டுவது அவர்கள் பழக்கம், அதை விட்டாக வேண்டும். ‘மீட்டமை’ பொத்தான் எழுதும் இடத்தில் கொடாநிலைகூட வேண்டாம், ‘தொடக்க அமைப்புக்கு மாற்று’ என்றால் எவருக்கும் புரியும். வினையாக வரும் இடத்தில் பெயர்ச்சொல்லைத் தேடவே தேவையில்லை. ‘டிடிஎல்லின் இயல்புநிலை மதிப்பு 64 ஆகும்’ என்று இழுக்காமல், ‘டிடிஎல் குறிப்பிடாவிட்டால் 64’ என்று எழுதலாம்.