முதலியார்: பதவியா, பட்டமா, பெயரா?

கல்முனை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம். எஸ். காரியப்பர் ஒரு முஸ்லிம். அவரைக் 'கேற் முதலியார்' என்று சொன்னால்தான் கிழக்கிலங்கையில் பலருக்குப் புரியும். 1956இல் இலங்கைப் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் தந்தை சாலமன் டயஸ் பண்டாரநாயக்கா, சிங்களக் கிறிஸ்தவர். அவர் 'மகா முதலியார்'. யாழ்ப்பாண வரலாறு எழுதிய செ. இராசநாயகமும் முதலியார்தான், அவர் தமிழர். முதலியார் என்றதும் சாதியை நினைக்கிற தமிழ்நாட்டு வாசகருக்கு இது கொஞ்சம் தலைசுற்றும். ஆனால் சொல்லின் பழைய பொருளுக்கு நெருக்கமாக இருப்பது இலங்கை வழக்குதான்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். முதல் + இ = முதலி. வில்லை உடையவன் வில்லி என்பதுபோல, முதன்மையை உடையவன் முதலி. அதோடு மரியாதைக்கு 'ஆர்' சேர்ந்தால் முதலியார். செட்டி செட்டியார் ஆனதும் இதே வழியில்தான். (பிள்ளைக்கு 'ஆர்' சேர்த்தபோது மட்டும் விநாயகர் வந்துவிட்டார். அது தனிக்கதை.) ஆக, இது வடமொழியிலிருந்து வந்த சொல் இல்லை. நாயக்கர் என்ற பட்டத்துக்கு 'நாயக' என்ற வடசொல் அடிப்படை. முதலியாருக்கு வேர், கிளை எல்லாமே தமிழ்.

அந்த 'முதல்' லேசான சொல் அல்ல. 'அகர முதல எழுத்தெல்லாம்' என்று குறள் தொடங்கும்போது அது தொடக்கம். 'முதலிலார்க்கு ஊதிய மில்லை' என்னும்போது அதே சொல் வணிகத்தில் போட்ட பணம். தொல்காப்பியத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். பணம் என்ற பொருளிலிருந்து வந்தவர் முதலாளி, அதாவது முதலை ஆள்பவர். முதன்மை என்ற பொருளிலிருந்து வந்தவர்கள் முதலியும் முதல்வரும். சிங்களத்தில் 'முதல்' என்றாலே காசுதான். அங்கே பெட்டிக்கடை வைத்திருப்பவரும் 'முதலாளி' ஆகிவிடுவார்.

சைவர்கள் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரையும் 'மூவர் முதலிகள்' என்பார்கள். சம்பந்தர் சீர்காழி அந்தணர், அப்பர் வேளாளர், சுந்தரர் ஆதிசைவர். மூன்று பிறப்பு, ஒரே பட்டம். வைணவத்தில் இன்னும் தெளிவாகவே தெரியும். இராமானுசரின் சகோதரி மகன் தாசரதி, பிராமணர். அவருக்கு வழங்கும் பெயர் முதலியாண்டான். இராமானுசர் துறவு பூண்டபோது எல்லா உறவையும் துறந்தார், முதலியாண்டானைத் தவிர என்று அந்த மரபில் ஒரு பேச்சு உண்டு. வைணவ உரைகளில் 'முதலிகள்' என்று வந்தால் அடியார் கூட்டத்தில் முக்கியமானவர்கள் என்று பொருள். இந்த இடங்களில் சாதியைத் தேடினால் உரையே புரியாது.

படையிலும் இந்தச் சொல் உண்டு. பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் வரும் முதலிகள், படையும் ஊரும் கைவசம் வைத்திருந்த தலைவர்கள். மதுரை நாயக்கர் ஆட்சியில் தளவாயாக இருந்த அரியநாத முதலியாரின் பெயர் இந்த இடத்தில் நினைவுக்கு வரும். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டப வாசலில் குதிரைமேல் இருப்பவர் அவர்தான். கோயிலுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அந்தச் சிலையை யாரோ ராஜா என்று நினைத்துக் கடந்து போகிறார்கள்.

தலைவருக்குக் கொடுத்த பட்டம் மகனுக்குப் போனது. அப்புறம் குடும்பத்துக்கு, கடைசியில் குலத்துக்கே. அதுவும் ஒரே குலத்தோடு நிற்கவில்லை. தொண்டைமண்டல வேளாளர், செங்குந்தர், வட மாவட்ட அகமுடையார் என வெவ்வேறு சமூகங்கள் இதை வைத்துக்கொண்டன. செங்குந்தருக்கு இன்னொரு பெயர் கைக்கோளர். சோழர் காலத்தில் கைக்கோளர் பேரில் படைப்பிரிவுகளே இருந்தன. அதை நினைத்துப் பார்த்தால், நெசவாளரான செங்குந்தருக்கு இந்தப் பட்டம் எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அகமுடையாரோ தெற்கே போனால் சேர்வை, தேவர் என்று வேறு பட்டத்தில் இருக்கிறார்கள். ஆகவே 'அவர் முதலியார்' என்ற தகவலை வைத்து ஒருவரின் பூர்வீகத்தைச் சொல்லிவிட முடியாது. கல்யாணத் தரகர்கள் அடுத்த கேள்வியாக 'எந்த முதலியார்?' என்று கேட்பது அதனால்தான்.

இலங்கையில் கதை வேறு. அங்கே இது அரசு கொடுத்த பதவி. கரையோரத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் ஏற்கெனவே இருந்த இந்தப் பதவியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர்ப் படையாட்களான லஸ்கரின்களை நடத்துவதும் முதலிகளின் வேலையாக இருந்தது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதையே தொடர்ந்தார்கள். மேலே மகா முதலியார், அவருக்குக் கீழே முதலியார், முகாந்திரம், ஆராச்சி என்று படிகள். கோறளை என்ற நிலப்பிரிவுக்கு முதலியார்தான் அதிகாரி. வேலையே இல்லாமல் கௌரவத்துக்கு மட்டும் கொடுத்ததும் உண்டு. காரியப்பரின் பட்டத்தில் வந்த 'கேற்' (gate) என்பது ஆளுநரின் வாசல். தமிழில் இராசவாசல் முதலியார் என்று எழுதினார்கள்.

பழைய புகைப்படங்களில் சிங்கள முதலியார்களைப் பார்த்தால் அடையாளம் தப்பாது. பொன்சரிகைக் கண்ணிகளும் பொத்தான்களும் வரிசையாக வைத்த நீளமான மேலங்கி, இடுப்பில் வாள், கீழே காற்சட்டை, அதன்மேல் சுற்றிய துணி. ஐரோப்பாவையும் உள்ளூரையும் ஒரே உடம்பில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். பின்னாளில் காரியாதிகாரிகள் என்ற சம்பள உத்தியோகத்தர்கள் வந்ததும் இந்தத் தலைமைக்காரர் முறை போனது. பதவி போனதோடு சொல்லும் வழக்கிலிருந்து நழுவிவிட்டது. முதலியாரின் மகன் தானாக முதலியார் ஆகாத ஊரில் அது குடும்பப் பெயராக நிலைக்க வழியில்லை.

முழுசாகக் குடும்பப் பெயர் ஆனது கடல் கடந்துதான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நின்றது. 1911 வரை ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததைப் பதிவேட்டில் எழுதினார். அந்த வழியில் முதலியார் 'மூட்லி' ஆனார், நாயுடு 'நைடூ' ஆனார், கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். இன்று தென்னாப்பிரிக்காவில் மூட்லி என்பது பெண்ணுக்கும் பெயர்தான். தமிழ்நாட்டில் பெண் பெயரோடு முதலியார் என்று ஒட்டுவதே கிடையாது. நிறவெறிக்கு எதிரான கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத்தில் நின்று சிறை சென்ற ஸ்ட்ரினி மூட்லியின் பெயரிலும் இருப்பது நம் முதலிதான். பிஜியில் மட்டும் அது அவ்வளவாகத் தேயாமல் 'முதலியார்' என்றே நிற்கிறது.

இங்கே தமிழ்நாட்டில் எதிர்த்திசையில் போனோம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடுவதென்று தீர்மானம் போட்டார்கள். பெரியாரே 'நாயக்கர்' என்பதை விட்டார். அதற்கு முந்திய தலைமுறையில் பட்டம் பெயரோடு ஒட்டியே இருந்தது. 1946இல் ஐ.நா. பொருளாதார சமூக அவையின் முதல் தலைவரான ஆற்காடு இராமசாமி முதலியாரும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டு துணைவேந்தராக இருந்த அவருடைய இரட்டைச் சகோதரர் இலட்சுமணசாமி முதலியாரும் அந்தத் தலைமுறை. அடுத்த தலைமுறையில் பலருக்குத் தலைப்பெழுத்து மட்டும் மிஞ்சியது.

சரி, இதற்கு நேர்த்தமிழ் என்ன? சொல்லே தமிழ் என்பதால் பெயர்க்க வேண்டிய வேலை இல்லை. இடத்துக்கு ஏற்ற பொருளைத் தெரிந்துகொண்டால் போதும். கல்வெட்டில் 'முதலிகள்' என்றால் தலைவர்கள் அல்லது படைத்தலைவர்கள். தேவார மரபில் ஆசிரியர்கள். இலங்கை ஆவணத்தில் வந்தால் முதலியார் என்றே எழுதிவிட்டு, எந்தக் கோறளைக்கு, பதவியா கௌரவமா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறுமனே விட்டால் தமிழ்நாட்டு வாசகர் சாதி என்று படித்துவிடுவார். டர்பன்காரரின் பெயரைத் திருத்தி முதலியார் என்று எழுதக்கூடாது. அவருக்கு அது மூட்லி. இன்னொன்று: 'முதலியோர்' என்று எழுத வேண்டிய இடத்தில் ஓகாரம் விட்டுப்போனால், 'அமைச்சர், ஆட்சியர் முதலியார் கலந்துகொண்டனர்' என்று அச்சாகிவிடும். மெய்ப்புத் திருத்துகிறவர்கள் அந்த இரட்டைக்கொம்பை மட்டும் கொஞ்சம் கவனித்தால் நல்லது.