கேக் மேலிருக்கும் செர்ரி நம் வேலியோரத்துக் களாக்காய்தான்

ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் 9 வயது மகளுடன் உணவு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார். சிறுமிக்கு இரத்தசோகை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து என் மேசையில் வைத்தார். உள்ளே பளபளவென்று சிவப்புச் செர்ரிகள். "செர்ரி தின்றால் இரத்தம் ஊறுமாமே மேடம், தினமும் பத்துப் பழம் கொடுக்கிறேன்" என்றார்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினேன்: களாக்காய், சர்க்கரைப் பாகு, எரித்ரோசின் என்னும் சிவப்புச் சாயம். "முள்ளுச் செடியில் காய்க்குமே, அதுவா?" என்றாள் சிறுமி. அதேதான். பேக்கரிச் செர்ரி பெரும்பாலும் விதை நீக்கிய களாக்காயே. உப்பு நீரில் ஊறவைத்து, பாகில் கொதிக்கவைத்து, சாயம் ஏற்றுகிறார்கள். (டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய் என்பது இன்னொரு சோகம்.) அது மிட்டாய், பழக் கணக்கில் வராது.

அசல் செர்ரி ஐரோப்பாவின் காட்டுச் செர்ரி வழி வந்தது. அதன் கருஞ்சிவப்பு ஆந்தோசயனின் நிறமிகளால் வருவது. அவற்றில் சயனிடின் வகை முதன்மையானது. நாவல் பழம் தின்ற நாக்கு ஊதாவாவதும், களாக்காய் பழுத்துக் கறுப்பதும் இதே நிறமிக் குடும்பத்தின் வேலை. சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் சிவப்பு மட்டும் வேறு: அது பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலைன். ஒரே செடியில் இவ்விரு நிறமிகளும் சேர்ந்திருப்பதில்லை.

இந்த நிறமிகளைக் காட்டி 'ஆன்டிஆக்சிடன்ட்' (செல்களைச் சிதைவிலிருந்து காக்கும் பொருள்) என்று அச்சிட்டு விற்கும் பொடிகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். சோதனைக் குழாயில் அளந்த ஆற்றல் உடலுக்குள் அப்படியே நடப்பதில்லை. அத்தகைய அளவுகளின் பட்டியலை விளம்பரங்களுக்குத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012இல் அதை நீக்கிவிட்டது.

சிறுமிக்குத் தேவை இரும்புச் சத்தும், அதை உடல் ஈர்க்க உதவும் வைட்டமின் சியும். 100 கிராம் செர்ரியில் வைட்டமின் சி சுமார் 7 மில்லிகிராம்தான். கொய்யாவில் 200க்கும் மேல். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. வீட்டில் மீன் உண்டு, முருங்கைக்கீரை உண்டு. கீரைச் சாப்பாட்டோடு கொய்யாவோ இலந்தையோ சேர்த்துக்கொண்டு, சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதை விட்டால் போதும் என்றேன்.

பள்ளி வாசலில் கண்ணாடிச் சாடியில் விற்கும் உப்புக் களாக்காயை மட்டும் தவிர்க்கச் சொன்னேன். கருவாடு புழங்கும் வீடுகளில் உப்பு ஏற்கெனவே அதிகம். சிறுநீரக நோயாளிகள் எந்தப் பழத்தையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே உண்ண வேண்டும், பொட்டாசியம் ஆபத்தாகலாம்.

ஆடி மாதம் மீண்டும் வந்தார்கள். சிறுமியின் நாக்கு ஊதா, சீருடையிலும் நாவல் பழக் கறை. "சோப்புப் போட்டுத் தேய்த்தேன், நீலமாகிவிட்டது மேடம்" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார் அம்மா. ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், சோப்பின் காரத்தில் நீலமாகும். அடுத்த முறை முதலில் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்து அலசிவிட்டுப் பிறகு சோப்புப் போடச் சொன்னேன்.