படம் பார்த்து அழுதவரிடம் "எந்த இடத்தில்?" என்று கேளுங்கள்

நாகர்கோவிலில் உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் பேச்சை ஒரு படத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். "நல்லாத்தான் இருந்தேன், ராத்திரி ஒரு படம் பாத்தேன், பொறவு ஒரு வேலையும் ஓடல்ல" என்பார்கள். சொன்ன கையோடு வெட்கமும் வந்துவிடும். படத்துக்குப் போய் அழுதோமே என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். எந்தப் படம் என்பதை நான் அப்புறம்தான் கேட்பேன். முதலில் கேட்பது, எந்த இடத்தில் அழுகை வந்தது என்று.

காதலையும் இழப்பையும் சத்தமில்லாமல் சொல்லும் படங்களுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஆர்ப்பாட்டமான சோகப் படத்தில் எங்கே அழவேண்டும் என்பதை இசையே சொல்லிவிடும். நாமும் அந்தக் கதாபாத்திரத்துக்காக அழுதுவிட்டு, முகம் கழுவிச் சாப்பிடப் போய்விடுவோம். அமைதியான படத்தில் யாரும் மாரில் அடித்துக்கொள்வதில்லை. ஒருவர் காலிக் கட்டிலைப் பார்த்தபடி நிற்பார், கேமராவும் அரை நிமிடம் அப்படியே நிற்கும். அந்த அரை நிமிடத்துக்குள் பார்ப்பவர் மனதில் அவரவர் வீட்டுக் கட்டில் வந்துவிடுகிறது. ஒரே படத்தை நான்கு பேர் பார்த்தால் நான்கு வெவ்வேறு இடங்களில் கண் கலங்குவது இதனால்தான்.

இங்கே சொல்லப்போகிறவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குழித்துறைப் பக்கத்துக்காரர் ஒருவர், பல வருடம் வளைகுடாவில் வேலை பார்த்தவர். அம்மா இறந்தபோது லீவு கிடைக்கவில்லை. தம்பி வீடியோ காலில் காட்ட, பலர் தங்கியிருந்த அறையின் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு அடக்கத்தைப் போனிலேயே பார்த்தார். நடுவில் நெட் விட்டுவிட்டு வந்தது. அத்தை போனை வாங்கி, அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனார். அழவில்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும், கல்லறைக்குப் போனபோதும் அழவில்லை.

இதெல்லாம் நடந்து வெகுநாள் கழித்து ஒரு காதல் படம் பார்த்திருக்கிறார். அதில் அம்மா என்ற பாத்திரமே கிடையாது. பிரிந்துபோகும் இருவரில் ஒருத்தி, ரயிலின் மூடிய கண்ணாடிக்கு உள்ளிருந்து ஏதோ சொல்கிறாள். வெளியே நிற்பவனுக்குக் கேட்கவில்லை. அங்கேதான் இவர் உடைந்துபோனார். மனைவியும் பிள்ளைகளும் பயந்துவிட்டார்கள். மனைவிக்கு உள்ளூர வேறு சந்தேகமும் வந்திருக்கிறது, பழைய காதல் ஏதாவது இருக்குமோ என்று. எந்த இடத்தில் அழுதார் என்று கேட்டிருந்தால் அந்தச் சந்தேகமே வந்திருக்காது.

அவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். அத்தை இருக்கிறார் அல்லவா, அன்றைக்கு என்ன சொன்னார் என்று போய்க் கேளுங்கள் என்றேன். போய்க் கேட்டிருக்கிறார். "இப்பம் முகத்த மூடிருவாவ, நல்லா பாத்துக்க மக்கா" என்பதுதான் அத்தை சொன்னது. அடுத்த முறை வந்து அதை என்னிடம் சொல்லும்போது, அம்மாவுக்காகவே அழுதார்.

அழும்போது உடம்பில் நடப்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. உணர்ச்சி பொங்கும்போது தானியங்கி நரம்பு மண்டலம் தொண்டையில் உள்ள குரல்வளையின் வாயை அகலத் திறக்கச் சொல்கிறது. நாம் அழுகையை விழுங்கப் பார்க்கும்போது அது மூடப் பார்க்கிறது. இந்த இழுபறிதான் தொண்டையில் கட்டி அடைத்ததுபோல் தெரிகிறது. நெஞ்சில் ஏதோ கோளாறு என்று பயப்படவேண்டாம். அழுதால் உடனே மனம் லேசாகிவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 60 பேருக்குச் சோகப் படம் போட்டுக் காட்டினார்கள். 28 பேர் அழுதார்கள். படம் முடிந்ததும் அழுதவர்களின் மனநிலை முன்பைவிட மோசமாக இருந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடம் ஆனபோது, படம் பார்க்கும் முன் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அதனால் இப்படிப்பட்ட படத்தை நள்ளிரவில் முடித்துவிட்டு, கனத்த மனதோடு அப்படியே படுக்கப் போகாதீர்கள் என்பேன். மாலையில் பாருங்கள். பார்த்த பிறகு ஒன்றரை மணி நேரமாவது விழித்திருங்கள். யாராவது கூட இருந்தால் இன்னும் நல்லது.

அழுகை எதிலிருந்து பிறக்கிறது என்று தொல்காப்பியம் நான்கு காரணங்கள் சொல்கிறது: இளிவு (பிறர் இகழ எளியவராவது), இழவு (இழப்பு), அசைவு (பழைய நிலை கெட்டு வருந்துவது), வறுமை. அந்த நூல் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்பது பாயிரம் சொல்லும் செய்தி. அது நம் கன்னியாகுமரி மாவட்டத்து அதங்கோடுதான் என்று இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். இந்த நான்கையும் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கல்லூரி மாணவியின் நினைவு வரும். அவளுக்கு இழவும் இளிவும் ஒன்றாக வந்தன.

அவள் காதலித்த பையன் பைக் விபத்தில் இறந்துபோனான். இரண்டு பேரும் வேறு வேறு மதம். இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாது. தோழிகளோடு கூட்டத்தில் ஒருத்தியாக அவன் வீட்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள். அவனுடைய அம்மாவை ஒரு பெண் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். "அந்த இடத்துல நான்தானே இருக்கணும்" என்று என்னிடம் கேட்டாள். வீட்டுக்கு வந்து, பரீட்சை இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு ராத்திரி தோறும் ஒரே படத்தை, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் வைத்துப் பார்த்து அழுதாள். போன் பழக்கம் முற்றிப்போச்சு என்று அப்பா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். சோறு இறங்காமல் போனது அதன்பிறகுதான்.

அவளுக்கு அந்தப் படம்தான் துட்டி வீடு, துக்கம் கேட்கும் வீடு. உரிமையோடு உட்கார்ந்து அழ அவளுக்குக் கிடைத்த ஒரே இடத்தையும் பூட்டிவிட்டார்கள், ஏதும் தெரியாமல். சமூகம் துக்கம் என்று ஒத்துக்கொள்ளாத இந்த மாதிரித் துக்கத்துக்கு 1989இல் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் 'அங்கீகரிக்கப்படாத துக்கம்' என்கிறோம். யாரும் "சாப்பிட்டியா" என்று கேட்காத துக்கம் அது. பதினாறாம் நாளும் கிடையாது, நினைவுத் திருப்பலியும் கிடையாது. அந்தப் பெண் கடைசியில் தன் பெரியம்மா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அக்கா திட்டவில்லை. ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு அவனை அடக்கம் செய்த இடத்துக்குப் போய்வந்தாள். என் அறையில் நாங்கள் பேசியதையெல்லாம்விட அந்தப் பயணம்தான் அவளை அதிகம் தேற்றியது என்று நினைக்கிறேன்.

அழாதவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய் உடல்கூடக் கிடைக்காதவர்களின் வீடுகள் நம் கடற்கரை ஊர்களில் நிறைய இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டுப் பெண், காத்திருக்கும் மனைவியின் கதையைச் சொல்லும் படம் ஒன்றைப் பாதியில் அணைத்துவிட்டார். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அவளுக்கு ஆளு வரும், படம்லா" என்றார். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை முடிவு தெரியாத இழப்பு என்று விளக்கியிருக்கிறார். ஆள் இறந்தாரா இருக்கிறாரா என்பது உறுதியாகாதபோது துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுதிரி ஏற்றும்போது, எந்தக் கல்லறையில் ஏற்றுவது என்று தெரியாமல் நிற்கும் பெண்கள் அவர்கள். "நல்ல படம், பாரு, மனசு லேசாகும்" என்று அவர்களை வற்புறுத்தாதீர்கள். அணைக்கிற உரிமை அவர்களுடையது.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கும் சிலருக்கும் அழுகை வராமல் போகலாம். மனம் மரத்ததுபோல் இருக்கிறது என்று தோன்றினால் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றவும் வழியிருக்கிறது.

ராத்திரி விக்கி விக்கி அழுதவர் காலையில் சந்தைக்குப் போய் மீன் விலை பேசிக்கொண்டிருந்தால், அழுதது நடிப்பு என்று வீட்டில் நினைத்துவிடக் கூடாது. துக்கம் அப்படித்தான் நகரும். இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போவதுதான் இயல்பு என்று ஸ்ட்ரோபே, ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் எழுதினார்கள். இன்றைக்கும் நாங்கள் அதை வைத்துத்தான் வேலை செய்கிறோம். ஒரே பக்கத்தில் சிக்கிக்கொள்வதுதான் கவலைக்குரியது.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் நீடித்த துக்கத்துக்கு 6 மாதத்தை எல்லையாக வைக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. அத்தனை நாள் கழிந்தும் ஏக்கம் கொஞ்சமும் குறையாமல் தினமும் வாட்டி எடுத்தால், வேலைக்கோ கடைக்கோ போக முடியாமல் போனால், இறந்தவரின் சாவையே நம்ப முடியாமல் இருந்தால், உதவி தேடவேண்டும். ஆனால் "நானும் அவர்கூடப் போயிடலாம்போல இருக்கு" என்ற பேச்சு வந்தாலோ, துக்கத்தை மறக்கக் குடி தொடங்கினாலோ மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். அன்றைக்கே அழைத்து வாருங்கள்.

பக்கத்தில் இருந்து பார்க்கும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். "படம்தானே" என்று சொல்லாதீர்கள். "ஆம்பள அழலாமா" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அழுகிறவரை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவதும் இப்போது நடக்கிறது. அதனால் புண்பட்டு, மறுபடி வாயே திறக்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பேசாமல் பக்கத்தில் இருங்கள். மறுநாள் ஒரு கட்டன் டீ போட்டுக் கொடுத்து, எந்த இடத்தில் அழுகை வந்தது என்று மெல்லக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்து அவர்களே வந்து சொல்வார்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் வரத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், பார்த்த படத்தையும் அழுகை வந்த காட்சியையும் சொல்லுங்கள். மீதியை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.