ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன?

"பிடிபட்டாலும் ஆறு மாசம்தான், அதையும் முழுசா உள்ள வைக்க மாட்டாங்க." மெக்சிகோ வழியாக அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுகள் இப்படிச் சொல்லித்தான் பணம் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் குடிவரவு வழக்குகள் பார்க்கும் எனக்கு, பிடிபட்டவர்களின் வீட்டார் சொல்லிச் சொல்லி இது பழகிப்போன வசனம். இதில் பொய் அதிகம் இல்லை. அமெரிக்கச் சட்டத் தொகுப்பு, எட்டாம் தலைப்பின் 1325-ஆவது பிரிவு, சட்டவிரோதமாக நுழையும் முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்றுதான் சொல்கிறது. அதற்குப் பிறகு வருவதை ஏஜென்ட் சொல்வதில்லை.

அந்தப் பிரிவில் மூன்று குற்றங்கள் இருக்கின்றன. அனுமதிக்கப்பட்ட நுழைவிடத்தை விட்டு வேறு வழியில் நுழைவது அல்லது நுழைய முயல்வது. அதிகாரிகளின் சோதனைக்கு டிமிக்கி கொடுப்பது. பொய் சொல்லியோ முக்கியமான உண்மையை மறைத்தோ நுழைவது. வேலி தாண்டியவர்களை எல்லாம் இரண்டாவதில் சேர்த்துவிட முடியாது. திறந்திருக்கும் நுழைவு மையத்தில், உதாரணமாக கார் டிக்கியில் ஒளிந்துகொண்டு, சோதனையைத் தவிர்த்தால்தான் அது பொருந்தும் என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவும் அரிசோனாவும் அதன் எல்லைக்குள் வருகின்றன.

மூன்றாவது குற்றம் நம்மவர்களுக்கு நெருக்கமானது. சுற்றுலா விசாவில் விமானத்தில் வந்து இறங்கி, வேலைக்கு வந்ததை மறைப்பவரும் இதில் மாட்டலாம். பெரும்பாலும் வழக்குப் போடாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் பொய் சொன்னதாகப் பதிவாகிவிட்டால், விசேஷ விலக்கு கிடைத்தாலொழிய ஆயுளுக்கும் நுழைவு மறுக்கப்படலாம். விசாவில் முறையாக வந்து, காலாவதியான பிறகும் தங்கிவிட்டவர் விஷயம் வேறு. அவரை நாடு கடத்தலாம். அப்படித் தங்கியது 1325-இன் கீழ் குற்றமாகாது.

எல்லை தாண்டுவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் வந்ததே 1929-ல்தான். தென் கரோலினா செனட்டர் கோல்மன் பிளீஸ் கொண்டுவந்தது. மெக்சிகோ தொழிலாளர்களைக் குறிவைத்து வந்த சட்டம் என்பதை அன்றைக்கு யாரும் பெரிதாக மறைக்கவும் இல்லை.

முதல் முறை பிடிபட்டவரின் வழக்கு சிறு குற்ற வகை என்பதால் ஜூரி கிடையாது. மாஜிஸ்திரேட் நீதிபதியே விசாரிப்பார். எல்லை தாண்டியவர்கள் மீது மொத்தமாகக் குற்ற வழக்குப் போடும் 'ஆபரேஷன் ஸ்ட்ரீம்லைன்' 2005-ல் டெக்சாஸின் டெல் ரியோவில் தொடங்கிய பிறகு, பல எல்லை நீதிமன்றங்களில் டஜன் கணக்கானவர்களை ஒரே அமர்வில் நிறுத்திக் குற்ற ஒப்புதல் வாங்குவது வாடிக்கையானது. ஏற்கெனவே சிறையில் கழித்த நாட்களையே தண்டனையாக எழுதி முடிப்பதும் சகஜம். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திருக்க வேண்டும் என்றதும், "எனக்கு இங்கிலீஷ் தெரியும், முடிச்சு விடுங்க" என்று அவசரப்படுபவர்கள் உண்டு. தயவுசெய்து காத்திருங்கள். அன்று சொல்லும் அந்த ஒரு 'யெஸ்'தான் பிறகு ஒவ்வொரு கோப்பிலும் வந்து நிற்கும்.

மறுபடி அதே குற்றம் செய்தால் 1325-இன் கீழேயே 2 ஆண்டு வரை சிறை. நாடு கடத்தப்பட்டவர் அனுமதியில்லாமல் திரும்பி வந்தால் 1326-ஆவது பிரிவு பாயும். அதற்கு எல்லையில் பிடிபட வேண்டும் என்றில்லை, நாட்டுக்குள் எங்கே எப்போது அகப்பட்டாலும் போதும். அடிப்படைத் தண்டனை 2 ஆண்டு வரை. பழைய குற்றப் பதிவின் தன்மையைப் பொறுத்து 10, 20 ஆண்டு வரை ஏறும். எல்லையிலேயே விரைவு முறையில் திருப்பி அனுப்பப்பட்டால் மறுபடி நுழைய பொதுவாக 5 ஆண்டு தடை உண்டு. இரண்டாவது முறை அனுப்பப்பட்டால் தடை 20 ஆண்டு.

"தஞ்சம் கேட்டா கேஸ் போட மாட்டாங்களே?" போடலாம். எந்த வழியாக நுழைந்தவரும் தஞ்சம் கோரலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கோரிக்கையே 1325 வழக்கை நிறுத்திவிடாது. கனடாவில் அகதிக் கோரிக்கை முடிவாகும்வரை, நாட்டுக்குள் வந்த விதம் பற்றிய குற்றச்சாட்டுகளைப் பதிய முடியாதபடி சட்டமே தடுக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு பிரிவு இல்லை. 2017-ல் எல்லையைத் தாண்டி 25 கஜத்துக்குள் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் தஞ்சக் கோரிக்கை முதல்கட்டத்திலேயே நிராகரிக்கப்பட்டது. அதை ஆட்கொணர்வு மனு மூலம் எதிர்க்க அவருக்கு உரிமை இல்லை என்று 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மண்ணில் கால் வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான்.

உறவினர் பிடிபட்டதாகத் தகவல் வந்தால், பலரும் குடிவரவுத் துறையின் இணையத் தேடலில் பெயரைப் போட்டுப் பார்த்து, இல்லை என்றதும் பதறுகிறார்கள். குற்ற வழக்கு நடக்கும்போது அவர் குடிவரவுத் துறையிடம் அல்ல, கூட்டாட்சி நீதிமன்றக் கைதிகளைப் பொறுப்பேற்கும் யுஎஸ் மார்ஷல்ஸ் காவலில் இருப்பார். அந்தத் தேடலில் பெயர் வராமல் போகலாம். பிடிபட்ட மாவட்டத்தின் ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் வாதாடும் வழக்கறிஞர்களின் அலுவலகத்தைக் கேளுங்கள். வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே வழக்கறிஞர் நியமிக்கும். ஊருக்குத் திரும்பினால் என்ன பயம், இதற்கு முன் எப்போதாவது திருப்பி அனுப்பப்பட்டாரா என்ற இரண்டையும் கையெழுத்துப் போடும் முன்பே அந்த வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கைரேகை எடுத்தவுடன் பழைய பதிவு எப்படியும் திரையில் வந்துவிடும்.